பச்சோந்திக் குஞ்சும் அதன் வைத்தியரும்

நம் நாட்டு மேடைகளில் அதிகமாக வசை வாங்கும் பிராணி எது என்று கேட்டால், பச்சோந்தி என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நேற்று ஒரு கட்சி, இன்று ஒரு கட்சி என்று இருப்பவரை யாரும் குரங்கு என்று வைவதில்லை. கிளைக்குக் கிளை தாவுவதில் குரங்குக்குள்ள சாமர்த்தியத்தில் நூறில் ஒரு பங்குகூடப் பச்சோந்திக்குக் கிடையாது. ஓரடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி யோசிக்கிற ஜீவன் அது. ஆயினும் பட்டம் என்னவோ அதற்குத்தான் கிடைத்திருக்கிறது.

இந்தப் பட்டத்துக்கு ஆதாரமான நம்பிக்கையும் சரியானதன்று. இருக்கும் இடத்துக்குத் தக்கபடி நிறத்தை மாற்றிக்கொண்டு அது பிறரை ஏமாற்றுகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அதன் நிறமாற்றம் பெரும்பாலும் அதன் சொந்த நிலையைப் பொறுத்தது. உடம்பு குளிர்ந்தால் வெயிலை அதிகமாக வாங்கும்பொருட்டுக் கறுக்கிறது. வெப்பம் மிஞ்சினால் வெளுக்கிறது. அஞ்சினால் ஒரு நிறம், சினந்தால் ஒரு நிறம், துணையைக் கண்டால் ஒரு நிறம். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பச்சோந்தி வகை ஒன்றை ஜெனீவா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டில் இதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். தோலின் உயிரணுக்களில் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளி விரியும்போதும் சுருங்கும்போதும் நிறம் மாறுகிறது. ஆகவே, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கும் பிராணி அல்ல அது. உள்ளே நடப்பதை உடம்பின்மேல் எழுதிக் காட்டும் பிராணி.

அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாததால்தான் நம் வீடுகளுக்கு வந்து சேரும் பச்சோந்திக் குஞ்சுகள் பிழைப்பதில்லை. இவ்வாரம் அதைப் பற்றியே எழுத எண்ணுகிறோம்.

அனாதை அல்ல

காரைக்குடியைச் சுற்றிலும் செம்மண்ணும் செம்பூரான் கல்லுமான பூமி. கண்மாய்க் கரைகளில் கருவேல மரங்கள்; வேலிகளில் ஆவாரையும் கிளுவையும். மழை பெய்து இவையெல்லாம் தளிர் விடும் நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் எதையாவது கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு, மாணவர்களின் சட்டைப்பையிலிருந்து புறப்படும் ஜீவராசிகளுடன் ஓரளவு பரிச்சயம் உண்டு. பொன்வண்டு, தும்பி, ஓணான் குட்டி என்ற வரிசையில் எப்போதாவது ஒரு பச்சோந்திக் குஞ்சும் வந்துவிடுகிறது. விரல் நீளமே இருக்கும். சுருண்ட வால், இடுக்கி போன்ற கால்கள், ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் பார்க்கும் கண்கள். இதைக் கண்ட குழந்தை அதைக் கீழே வைக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன?

வீட்டில் அப்பத்தா, "வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக அல்லவா இருக்கிறது!" என்பாள். "பாவம் அப்பத்தா, இதற்கு அம்மாவைக் காணோம்" என்று பேரன் பதில் சொல்வான். அப்பத்தாவின் மனமும் இளகிவிடும். பழைய செருப்புப் பெட்டி ஒன்று வரும். மூடியில் நாலு துவாரம் விழும். உள்ளே கொஞ்சம் புல்லும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கப்படும். மூன்றாம் நாள் காலையில், "ஏன் இது கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது?" என்று கேள்வி பிறக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பச்சோந்திக் குஞ்சு தாயைப் பிரிந்த அனாதை அல்ல. தாய்ப் பச்சோந்தி மரத்தை விட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுப் போய்விடுகிறது. மாதக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து பொரியும் குஞ்சு, வெளியே வந்த முதல் நாளிலிருந்தே தானாக ஏறி, தானாக வேட்டையாடி, தானாகத் தண்ணீர் தேடிக்கொள்ளும். அதற்குப் பால் கொடுக்கவோ, வாயில் ஊட்டவோ, கூட்டில் வைத்துக் காக்கவோ தாய் எக்காலத்திலும் வருவதில்லை. தனியாக இருக்கிறதே என்று நாம் இரங்கும் குஞ்சு, தன் குலதர்மப்படி தனியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவதாக, இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே ஓர் இனந்தான். இலங்கையிலும் அதுவே. 1972-ஆம் வருஷத்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், வாங்குவதும், விற்பதும் குற்றமாகும். குழந்தை இரக்கத்தால் கொண்டுவந்ததைச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அதட்ட வேண்டியதில்லை. ஆனால், பெட்டியில் மூன்று நாள் வைக்கலாமா, மூன்று வாரம் வைக்கலாமா என்று பெரியவர்கள் ஆலோசிக்கவும் இடமில்லை.

நோயின் அடையாளங்கள்

பெரிய விலங்குகளுக்கு இரையாகும் சிறு ஜீவன்களுக்கெல்லாம் ஒரு சுபாவம் உண்டு. நோய் வந்தால் அதைக் கடைசிவரை மறைத்து வைக்கும். தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் காக்கை முதலில் அதைத்தானே கொத்தும்? ஆகையால், பச்சோந்தி நோயுற்றிருக்கிறது என்பது சாதாரணக் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். குஞ்சின் விஷயத்தில் இது இன்னும் உண்மை. சிறிய உடம்பாதலால் உள்ளிருக்கும் நீரும் சத்தும் கொஞ்சமே. பெரிய பச்சோந்தி சில நாள் தாங்கும் தாகத்தைக் குஞ்சு அவ்வளவு நாள் தாங்காது.

எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் கண். ஆரோக்கியமான பச்சோந்தி பகல் முழுவதும் விழித்திருக்கும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்றுகொண்டிருக்கும். சில நேரங்களில் ஒரு கண்ணை மூடிக் கிளையில் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்வதுண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால், பட்டப்பகலில் இரண்டு கண்களையும் மூடியபடி உட்கார்ந்திருக்குமாயின், அது தூக்கம் அன்று, நோய். கண் உள்ளே குழி விழுந்திருந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தால், உள்ளே புண்ணாகியிருக்கலாம். ஏ விட்டமின் குறைவாகவும் இருக்கலாம்.

அடுத்தது பிடிப்பு. அதன் காலில் ஐந்து விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கியாக அமைந்திருக்கின்றன. நல்ல நிலையிலுள்ள குஞ்சைக் கிளையிலிருந்து எடுப்பதே கஷ்டம். நான்கு காலாலும் வாலாலும் பற்றிக்கொள்ளும். பிடி தளர்வது, கிளையிலிருந்து விழுவது, பெட்டியின் தரையிலேயே படுத்துக் கிடப்பது, நடக்கையில் நடுங்குவது, கால் வில்லைப்போல் வளைவது, தாடை மெத்தென்று தளர்வது ஆகியவை எலும்பு பலம் இழந்துவருவதைக் காட்டும். இயல்பான முன்னும் பின்னுமான ஆட்டம் வேறு, இந்த நடுக்கம் வேறு. முன்னது காற்றில் ஆடும் இலையைப் போன்ற நிதானமான அசைவு. பின்னது தசை தானாகத் துடிப்பது.

மூன்றாவது நாக்கு. உடம்பைவிட நீளமான நாக்கைக் கண்சிமிட்டும் நேரத்துக்குள் வீசிப் பூச்சியைக் கவர்வது அதன் தொழில். குறி வைத்தும் நாக்கை வீசாமல் இருப்பது, வீசியும் எட்டாமல் விழுவது, பூச்சி ஒட்டாமல் நழுவுவது, வெளியே வந்த நாக்கை உள்ளிழுக்க முடியாமல் தவிப்பது ஆகிய எல்லாம் அபாய அறிகுறிகள்.

நான்காவது சுவாசம். வாயைத் திறந்துகொண்டிருந்தால் முதலில் நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். வெப்பம் தாங்காமல் திறந்திருந்தால் சற்று நேரத்தில் மூடிக்கொள்ளும். நிழலிலும் வாய் மூடாமல், தலையை மேலே தூக்கிக்கொண்டு, மூக்கிலோ வாயோரத்திலோ நுரை கட்டி, மூச்சில் சிறு சத்தமும் கேட்குமானால், மார்பில் சளி நோய் கண்டிருக்கிறது. வாயின் உட்புறத்தில் தயிர்க்கட்டி போன்ற மஞ்சள் பொருள் தெரிந்தால் ஈறு அழுகத் தொடங்கியிருக்கிறது.

ஐந்தாவது எச்சம். பச்சோந்தியின் எச்சம் இரு பகுதியாக இருக்கும்: ஒன்று கருமையானது, மற்றொன்று வெண்மையானது. வெண்பகுதி வெண்மையாகவே இருந்தால் நீர் போதுமான அளவு கிடைக்கிறது. அது மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறினால் தாகத்தால் வருந்துகிறது. வாயால் சொல்லத் தெரியாத பிராணியின் தாகத்தை இவ்வளவு எளிதாகச் சொல்லும் வேறு அடையாளம் இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் தூங்கும்போது வெளுத்துப்போவது இயல்பு. தோல் துண்டு துண்டாக வெள்ளைப் படலமாய் உரிவதும் இயல்பே. வளரும் குஞ்சுக்கு அது அடிக்கடி நேரும். பாம்பைப்போல முழுச் சட்டையாகக் கழற்றுவதில்லை என்பதால் சிலர் இதைத் தோல் வியாதி என்று எண்ணி எண்ணெய் தடவுகிறார்கள், கூடாது. கையில் எடுத்தவுடன் கறுத்துப் புள்ளி பாய்ந்து, உடம்பை ஊதிக்கொண்டு சீறுமானால் அது நோயன்று; பயம். ஆனால், யாரும் தொடாமல் விட்டும், வெயிலும் நிழலும் கிடைத்தும், நாள் முழுவதும் மங்கிக் கறுத்தே இருக்குமானால் சுகமில்லை என்று கொள்ள வேண்டும்.

நோயின் வேர்

இவ்வளவு நோய்களுக்கும் காரணம் என்ன? கிருமியும் உண்டு, வயிற்றுப் புழுவும் உண்டு. காட்டில் வளரும் பச்சோந்திகளின் குடலில் புழு இருப்பது சகஜமே. ஆனால், பெட்டிக்குள் வந்த குஞ்சு முதலில் வாடுவது கிருமியால் அன்று, பெட்டியால்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீர் என்றே கண்டுகொள்வதில்லை. இலையில் தங்கிய பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிப்பது அதன் வழக்கம். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும் வீட்டில், அதன் அருகிலேயே குஞ்சு தாகத்தால் சாகிறது. கொடுத்தோம் என்ற திருப்தி நமக்கு. கிடைக்காத துன்பம் அதற்கு.

வெயில் விஷயம் இன்னும் நுட்பமானது. பூச்சிகளின் உடம்பில் பாஸ்பரஸ் அதிகம், கால்ஷியம் குறைவு. அந்தச் சிறிதளவு கால்ஷியத்தை உடம்பு ஏற்று எலும்பாக்குவதற்கு டி விட்டமின் வேண்டும். அதைச் செய்துகொள்ளத் தோலில் சூரியனின் புறஊதாக் கதிர் பட வேண்டும். அந்தக் கதிரில் இதற்கு உதவும் பகுதியை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆகவே, கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் எவ்வளவு வந்தாலும் எலும்புக்குப் பயன் இல்லை. வெயில் காணாத நகரங்களில் வளர்ந்த மேல்நாட்டுக் குழந்தைகளுக்குக் கால் வளைந்துபோகும் நோய் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது. 1919-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வைத்தியர் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதா விளக்கொளியைக் கொண்டே அந்த நோயைக் குணப்படுத்திக் காட்டினார். இருட்டுப் பெட்டியில் வைத்த பச்சோந்திக் குஞ்சின் காலும் அதே காரணத்தால்தான் வளைகிறது. எலும்பிலிருக்கும் கால்ஷியத்தை உடம்பு தானே கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. வீட்டுச் செலவுக்காக வீட்டின் உத்தரத்தையே விற்பது போல.

மரத்தில் இருக்கும்போது இந்தச் சங்கடம் ஏன் வருவதில்லை? இதற்கு 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி அழகான பதில் சொல்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் மடகாஸ்கர் பச்சோந்திகளில் சிலவற்றுக்கு டி விட்டமின் நிறைந்த உணவையும், சிலவற்றுக்குக் குறைந்த உணவையும் கொடுத்தார்கள். விட்டமின் குறைந்தவை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, புறஊதாக் கதிர் படும் இடத்தில் அதிக நேரம் தங்கின. நிறைந்தவை குறைவாகத் தங்கின. தனக்கு எது எவ்வளவு தேவை என்பதை அந்த உடம்பு அறிந்திருக்கிறது. கிளையில் நாலடி ஏறினால் வெயில். நாலடி இறங்கினால் நிழல். விடியற்காலையில் இலை நுனியில் தண்ணீர். கண்ட இடமெல்லாம் விதவிதமான பூச்சி. மருந்து, அளவு, வேளை ஆகிய மூன்றையும் தானே தீர்மானிக்கும் வைத்தியர் அதன் உள்ளேயே இருக்கிறார். அதைப் பெட்டியில் போட்டு மூடியபோது அந்த வைத்தியரின் கைகளைக் கட்டிவிட்டோம். பிறகு வெளி வைத்தியரைத் தேடி அலைகிறோம்.

குஞ்சை உண்மையிலேயே நேசிக்கும் குழந்தைக்கு இதை விளக்கினால் விளங்காமற்போகாது. "நீ கொடுக்கிற தீனி போதாது" என்று சொன்னால் இன்னும் அதிகமாகக் கொண்டுவருவான். "நீ கொடுக்க முடியாததை மரம் கொடுக்கிறது" என்று சொன்னால் யோசிப்பான்.

செய்யத்தக்கதும் தகாததும்

குஞ்சு இன்றுதான் வந்தது, கண் திறந்திருக்கிறது, பிடி உறுதியாக இருக்கிறது, காயம் இல்லை. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றே. அன்றைக்கே, வெயில் தாழ்ந்தபின், ஆனால் இருட்டுவதற்குள், எடுத்த இடத்திலேயே, எடுத்த வேலியிலோ அதற்கு மிக அருகிலுள்ள மரத்திலோ, இலை அடர்ந்த கிளை ஒன்றில் ஏறவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சாலையைக் கடக்கும் பச்சோந்தியானால், அது போய்க்கொண்டிருந்த பக்கமே ஓரத்தில் சேர்த்துவிட்டால் போதும். அதற்கு விஷம் உண்டென்று சிலர் அஞ்சுவதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

பகலில் கண் மூடிக் கிடக்கிறது, அல்லது பூனை கவ்விய காயம் இருக்கிறது, அல்லது பல நாள் பெட்டியில் இருந்து மெலிந்துவிட்டது என்றால், அப்படியே வேலியில் விட்டுவிடுவது இரக்கமாகாது. அதைக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், பற்றிக்கொள்ள ஒரு சிறு கிளையும் இலையும் வைத்து, நிழலான அமைதியான மூலையில் வைக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழும், குளிர்சாதன அறையிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்கக் கூடாது. இலையின்மேல் சுத்தமான நீரைத் துளித்துளியாகத் தெளித்துவிட்டு ஒதுங்கினால் அதுவே நக்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது மிகவும் அபாயம். மூச்சுக்குழாயில் புகுந்து, நோயால் சாகாததும் அதனால் சாகும்.

உணவைப் பலவந்தமாகத் திணிக்கவும் வேண்டாம். நீர் வற்றிய உடம்புக்கு முதலில் வேண்டியது நீர். ஜீரணிக்கச் சக்தி வந்தபிறகே உணவு. நம் வீட்டு வாத்ஸல்யம் முதலில் நினைப்பது பாலையும் பருப்புச் சோற்றையும் சர்க்கரைத் தண்ணீரையும்தான். பூச்சியைத் தின்று வாழும் பிராணிக்கு இவை ஆகா. மருந்தடித்த வயலிலிருந்து பிடித்த பூச்சிகளைப் போடுவது விஷம் ஊட்டுவதற்கு ஒப்பாகும். குழந்தைக்கு வாங்கிய சிரப்பில் ஒரு துளி, நாய்க்கு வாங்கிய மாத்திரையில் ஒரு தூள் என்று கொடுப்பதும் வேண்டாம். சில கிராம் எடையுள்ள பிராணிக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுவது, பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்ததைவிட நுட்பமான காரியம். அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இடைக்கால உபாயந்தான். உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலும் காட்டலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய வைத்தியர் பச்சோந்தியை அடிக்கடி பார்த்திருக்கமாட்டார்; ஆயினும் யாரிடம் அனுப்புவது என்பதை அவர் அறிவார். தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கிவருகிறது. சென்னை வேப்பேரியிலுள்ள கல்லூரியோ 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய பழமையான ஸ்தாபனம். வைத்தியரிடம் போகிறவர்கள் மூன்று விவரங்களைக் கொண்டுபோனால் பெரிய உதவியாக இருக்கும்: எங்கே, எப்போது எடுத்தது, இதுவரை என்ன கொடுத்தது, புதிய எச்சம் கொஞ்சம். மாத்திரையோ எண்ணெயோ கொடுத்திருந்தால் அதை மறைக்கக் கூடாது.

பாகவதத்தில் நிருக மகாராஜனின் கதை வருகிறது. அவன் ஓந்தியாகி ஒரு பாழுங்கிணற்றில் கிடந்தான். விளையாட வந்த யாதவச் சிறுவர்கள் அதைக் கண்டு மனமிரங்கி, கயிறு கட்டித் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. உடனே கண்ணனிடம் ஓடிச் சொன்னார்கள். கண்ணன் கை பட்டதும் அவன் உய்ந்ததையே பெரியோர்கள் விரித்துரைப்பார்கள். நமக்கோ அந்தச் சிறுவர்களின் செய்கையும் பெரிதாகத் தோன்றுகிறது. தம்மால் ஆகாது என்று தெரிந்தவுடன், மேலும் மேலும் கயிற்றை இழுத்துக்கொண்டிராமல், ஆகக்கூடியவரிடம் ஓடினார்கள் அல்லவா?

தாய்மார்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். பிராணி ஆரோக்கியமாகத் தோன்றினாலும் கிருமி இருக்கலாம். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடாமலிருப்பதே நல்லது. பெட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கடல் கடந்த வீடுகளில்

செட்டிநாட்டுக் குடும்பங்களில் கடல் கடந்து வாழ்பவர்கள் இல்லாத குடும்பம் அரிது. அங்கே பிறந்த பேரக்குழந்தைகள் சிலர் வீட்டில் பச்சோந்தி வளர்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது நம் ஊர் இனம் அன்று. யேமன் நாட்டு மலைப்பகுதியைச் சேர்ந்தது. தலையில் உயர்ந்த கொண்டை உள்ளது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூண்டிலேயே இனம்பெருக்கி விற்கிறார்கள். சிங்கப்பூரிலோ பச்சோந்தி வளர்க்க அனுமதி கிடையாது. அயல்நாட்டு இனத்தை இந்தியாவில் வைத்திருப்பவர்களும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும்.

சட்டப்படி வளர்ப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: கூண்டை மரமாக்குங்கள். கண்ணாடித் தொட்டியைவிடக் காற்றுப் புகும் வலைக் கூண்டு நல்லது. உயிருள்ள செடி வேண்டும். இலைகளில் நீர்த்துளி வேண்டும். ஒரு கிளை வெயில் காய, மற்றொரு கிளை ஒதுங்க இருக்க வேண்டும். வெயில் காயும் கிளையில் குஞ்சுக்கு 30 பாகை செல்ஷியஸ் சூடு போதும். இரவில் விளக்கு வேண்டாம். புறஊதா விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும், அதன் கதிர் சில மாதங்களில் தேய்ந்துவிடும். விற்றவர் குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும். குஞ்சின் தலை அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக் கூடாது. கால்ஷியத் தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும். ஒரு கூண்டில் ஒன்றுதான். கூடப்பிறந்த குஞ்சானாலும் ஒன்றையொன்று பார்த்து உள்ளுக்குள் வாடும். வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது எல்லாவற்றிலும் உத்தமம். கண் மூடுவதற்கு முன்பே எடை குறைந்துவிடும். நோயை மறைக்கத் தெரிந்த பிராணிக்கு எடையை மறைக்கத் தெரியாது. வளரவேண்டிய குஞ்சின் எடை இரண்டு வாரம் ஏறாமல் நின்றாலே ஊர்வன வைத்தியரிடம் கொண்டுபோவது நலம்.

இத்தனை விளக்கும் வலையும் தூளும் நோட்டுப் புத்தகமும் எதற்காக? நம் ஊர் வேலி ஒன்றும் வாங்காமல் கொடுப்பதில் ஒரு பங்கையாவது கொடுப்பதற்காக.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூருக்கு அருகில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டில் அது சரணாலயமாயிற்று. அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் எந்தப் பறவையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சோறு ஊட்டவில்லை. தங்கள் குழந்தைகளுக்குரிய ஒரு சந்தோஷத்தைக் குறைத்துக்கொண்டு, பறவைகளை அவற்றின் இடத்திலேயே இருக்கவிட்டார்கள். வருஷந்தோறும் பறவைகள் வருகின்றன; குழந்தைகள் பார்க்கிறார்கள்.

ஆகையால், இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பச்சோந்திக் குஞ்சுடன் வந்து நிற்பானாயின், கோபிக்க வேண்டாம். பெட்டியும் தேட வேண்டாம். கண் திறந்திருக்கிறதா, பிடி உறுதியாக இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால், மாலையில் அவனை அழைத்துக்கொண்டு நீங்களும் அந்த வேலிவரை நடந்து செல்லுங்கள். குஞ்சு கிளையைப் பற்றி, இரண்டு முறை ஆடி, மூன்றாம் அடியில் இலைக்குள் மறைவதை அவன் கண்ணாலேயே காணட்டும். மறுநாளும் அந்த வழியாகப் போகும்போது அவன் அண்ணாந்து தேடுவான். எங்கோ ஒரு கிளையிலிருந்து ஒரு கண் அவனையும், மற்றொரு கண் ஒரு வெட்டுக்கிளியையும் பார்த்துக்கொண்டிருக்கும்.